கோகிலாவின் பெயர் எங்கே போயிற்று?

உங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அறையில் கணிப்பொறி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதில் வினாடி வினா நடத்தும் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ், இந்தி, ஆங்கிலம், ஜப்பானியம் எனப் பல மொழிகளில் அது இயங்குமாம். பத்தாம் வகுப்பு மாணவி கோகிலா தன் பெயரைத் தமிழில் தட்டெழுதுகிறாள். எல்லா வினாக்களுக்கும் சரியான விடை தருகிறாள். வென்றவர் பட்டியல் திரையில் விரிகிறது. ஆனால் இது என்ன? கோகிலாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக ஆறு வெற்றுக் கட்டங்கள் நிற்கின்றன!

"பெயர் அழிந்துவிட்டது. கட்டங்களை நீக்கிவிட்டு ஆங்கிலத்தில் அடித்துவிடலாம்" என்கிறார் ஒருவர். "இந்தக் கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாது" என்கிறார் மற்றொருவர். சற்றுப் பொறுங்கள்! அதே கணிப்பொறியில் இணைய உலாவியைத் திறந்தால் தமிழ்ச் செய்தித்தாள் அழகாகத் தெரிகிறது. அப்படியானால் கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாது என்பது எப்படிச் சரியாகும்? இன்னொரு புதிரும் இருக்கிறது. கோ, கி, லா என்று கோகிலாவின் பெயரில் மூன்று எழுத்துகள்தாம். கட்டங்கள் மட்டும் ஆறு வந்தது எப்படி?

இந்த இரண்டு புதிர்களையும் விடுவித்துவிட்டால், பெயர் எங்கே போயிற்று என்பதும், அதை மீட்பது எப்படி என்பதும் தாமே விளங்கிவிடும். வாருங்கள், பார்ப்போம்.

கணிப்பொறி அறிந்தது எண்ணே

கணிப்பொறியின் நினைவகத்தில் எழுத்து என்று எதுவும் இல்லை. அங்கே இருப்பவை எண்களே. 'இந்த எண்ணுக்கு இந்த எழுத்து' என்று மனிதர்கள் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டில் வெளிவந்த ஆஸ்கி என்ற உடன்பாட்டில் 128 இடங்கள் மட்டுமே இருந்தன. ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தற்குறிகள் ஆகியவற்றுக்கு அவை போதுமானவை. உலகின் பிற மொழிகளுக்கு?

ஒவ்வொரு நாட்டினரும் தத்தம் வசதிப்படி தனித்தனி உடன்பாடுகளை வகுத்துக்கொண்டனர். ஒரே எண் ஓரிடத்தில் ஓர் எழுத்தாகவும், மற்றோரிடத்தில் வேறோர் எழுத்தாகவும் தோன்றியது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்ததுதான் யூனிகோடு. இதன் முதல் பதிப்பு 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் வேறு எதற்கும் பொதுவாகாத தனி எண் ஒன்றைக் கொடுப்பதே இதன் நோக்கம். தமிழ் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. 2944 முதல் 3071 வரை உள்ள 128 இடங்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 72 இடங்கள் நிரம்பியுள்ளன.

தமிழில் 247 எழுத்துகள் ஆயிற்றே, 72 எப்படிப் போதும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றுக்கும் யூனிகோடு தனி எண் தரவில்லை. மெய்யின் அகர வடிவத்துக்கு ஓர் எண், அதனுடன் சேரும் உயிர்க்குறிக்கு ஓர் எண் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறது. கோகிலாவின் பெயரை எடுத்துக்கொள்வோம். 'க'வுக்கு 2965, ஓகாரக் குறிக்கு 3019, மீண்டும் 'க'வுக்கு 2965, இகரக் குறிக்கு 3007, 'ல'வுக்கு 2994, ஆகாரக் குறியான காலுக்கு 3006. எண்ணிப் பாருங்கள். ஆறு எண்கள்!

ஒரு புதிர் விடுபட்டது. ஆறு எண்களும் இருப்பதனால்தான் ஆறு கட்டங்கள் வந்தன. அதாவது, கோகிலாவின் பெயர் அழியவில்லை. எண்கள் அனைத்தும் நினைவகத்தில் பத்திரமாக இருக்கின்றன. காணாமற்போனது அவற்றுக்குரிய படங்களே.

எழுத்துரு என்னும் அச்சுப்பெட்டி

எண்ணைக் கண்ணால் காணும் எழுத்தாக மாற்றுவது எழுத்துரு. பழைய அச்சகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கோப்பவரின் முன்னால் பல அறைகள் கொண்ட மரப்பெட்டி சாய்வாக நிற்கும். ஒவ்வோர் அறையிலும் ஒவ்வோர் ஈய எழுத்து. கையெழுத்துப் பிரதியைப் பார்த்து, உரிய அறையிலிருந்து எழுத்தை எடுத்து அவர் வரிசையாகக் கோப்பார். கணிப்பொறியில் இருக்கும் எழுத்துருக் கோப்பும் இத்தகைய ஒரு பெட்டிதான். ஈயத்துக்குப் பதிலாக எழுத்துகளின் புறக்கோடுகள் கணித வளைவுகளாக அதில் சேமிக்கப்பட்டிருக்கும்.

அந்தக் கோப்பில் ஒரு பட்டியலும் உண்டு. '2965 என்ற எண் வந்தால் இத்தனையாவது வடிவத்தை எடு' என்று அது சொல்லும். கேட்ட எண் பட்டியலில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கென்றே ஒவ்வோர் எழுத்துருவிலும் பூஜ்யமாவது வடிவம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. 'இந்த எண்ணுக்கு என்னிடம் வடிவம் இல்லை' என்பதே அதன் பொருள். பெரும்பாலான எழுத்துருக்களில் அது ஒரு வெற்றுக் கட்டமாகவோ, குறுக்குக் கோடிட்ட கட்டமாகவோ வரையப்பட்டிருக்கும். நாம் கண்ட கட்டம் அதுதான்.

இது புதிய வழக்கமன்று. ஜப்பானிய அச்சகங்களில் ஆயிரக்கணக்கான எழுத்துகள் வேண்டியிருந்தன. தேவையான எழுத்து கையிருப்பில் இல்லாதபோது, அச்சுக்கோப்பவர் வேறோர் ஈய எழுத்தை எடுத்துத் தலைகீழாகச் செருகிவிடுவார். அதன் அடிப்பாகம் தாளில் இரண்டு தடித்த கோடுகளாக விழும். பார்ப்பதற்கு 'கெத்தா' என்னும் மரச்செருப்பின் அடித்தடம் போல இருந்ததால் அதற்குக் 'கெத்தாக் குறி' என்றே பெயர் வந்தது. இங்கே ஓர் எழுத்து வரவேண்டும், பிறகு கிடைத்ததும் மாற்றுக என்பதற்கு அது அடையாளம். இந்தக் குறிக்கும் யூனிகோடில் 12307 என்ற எண் உண்டு!

திரையில் வரும் கட்டத்துக்கும் ஜப்பானோடு தொடர்புள்ள ஒரு செல்லப்பெயர் இருக்கிறது. சோயாவிலிருந்து செய்யும் வெண்ணிறக் கட்டியான 'டோஃபு' என்ற உணவின் பெயரே அது. நம் ஊர்ப் பன்னீர்த் துண்டுகளைப் போலச் சதுரமாக இருக்கும் அந்த உணவைக் கட்டங்கள் நினைவூட்டின. கூகுள் நிறுவனம் உருவாக்கிய 'நோட்டோ' எழுத்துருக் குடும்பத்துக்கு 'டோஃபு இனி இல்லை' என்ற பொருளில்தான் அப்பெயர் வைக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்தாண்டு உழைப்புக்குப் பின் 2016ஆம் ஆண்டில் 800க்கும் மேற்பட்ட மொழிகளுக்கான எழுத்துருக்களாக அது வெளிவந்தது.

எல்லா எழுத்தும் ஒரே பெட்டியில் ஏன் இல்லை?

உலகின் எல்லா எழுத்துகளையும் கொண்ட ஒரே எழுத்துருவைச் செய்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடுமே என்று தோன்றுகிறதா? அங்கேதான் ஒரு தடை குறுக்கிடுகிறது. இப்போது பரவலாக வழங்கும் எழுத்துரு அமைப்பில் ஒவ்வொரு வடிவத்துக்கும் 16 பிட்டுகள் கொண்ட வரிசை எண் உண்டு. அதனால் ஒரு கோப்பில் 65,535 வடிவங்களுக்கு மேல் வைக்க இயலாது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த யூனிகோடின் 16ஆம் பதிப்பிலோ 1,54,998 எழுத்துகளும் குறிகளும் இருக்கின்றன. எண் இல்லாத கூட்டு வடிவங்கள் இதற்கு மேலும் உண்டு. ஆகவே ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. நோட்டோவும் ஒரே எழுத்துரு அன்று. தமிழுக்கு ஒன்று, தேவநாகரிக்கு ஒன்று என்று பல கோப்புகளின் தொகுப்பே அது.

அப்படியானால் உலாவியில் தமிழும் ஆங்கிலமும் ஜப்பானியமும் ஒரே பக்கத்தில் தெரிவது எப்படி? அச்சகத்துக்கே திரும்புவோம். தம்மிடம் இல்லாத எழுத்து வேண்டியிருந்தால், அச்சுக்கோப்பவர் பக்கத்து அச்சகத்தில் கடன் கேட்கலாம் அல்லவா? உலாவியும் இதையே செய்கிறது. முதல் எழுத்துருவில் 2965 இல்லையென்றால், 'இந்த எண்ணுக்கு வடிவம் உள்ள எழுத்துரு எது?' என்று இயக்க அமைப்பைக் கேட்கிறது. விண்டோஸ் 2000இல் 'லதா', பின்னர் விண்டோஸ் 8இல் 'நிர்மலா' எனத் தமிழ் எழுத்துருக்கள் இயக்க அமைப்போடு சேர்ந்தே வந்தன. அவற்றில் ஒன்றிலிருந்து வடிவம் கடனாகக் கிடைத்துவிடுகிறது. இதனை மாற்று எழுத்துரு முறை எனலாம்.

இப்போது இரண்டாவது புதிரும் விடுபடுகிறது. வினாடி வினா நிரல் யாரிடமும் கடன் கேட்பதில்லை! இத்தகைய நிரல்களும் விளையாட்டு நிரல்களும், தம்முடன் கொண்டுவந்த ஒரே எழுத்துருவை மட்டும் நம்பித் திரையில் எழுதுவது உண்டு. சிலவற்றில் எழுத்துருகூட இராது. வேண்டிய எழுத்துகளை முன்கூட்டியே படமாக வரைந்து ஒரே தாளில் அடுக்கி வைத்திருப்பார்கள். நிரல் அந்தப் படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டே போகும். வேகமாக இயங்க இது நல்ல வழிதான். ஆனால் அந்தத் தாளில் இல்லாத எழுத்து எங்கிருந்து வரும்? கணிப்பொறியில் பத்துத் தமிழ் எழுத்துருக்கள் நிறுவப்பட்டிருந்தாலும் இந்த நிரல் அவற்றைத் திரும்பியும் பார்க்காது. அதனால்தான் உலாவியில் தமிழும், நிரலில் கட்டமும் தெரிந்தன.

கட்டம் போயிற்று, கோணல் வந்தது!

சரி, நிரலை எழுதியவரிடம் சொல்லித் தமிழின் 72 எண்களுக்கும் உரிய வடிவங்களைச் சேர்க்கச் செய்தோம் என்று கொள்வோம். நிரலைத் திறக்கிறோம். கட்டங்கள் மறைந்துவிட்டன. மகிழ்ச்சிதான். ஆனால் 'கோ' என்பதைப் பாருங்கள். முதலில் 'க' நிற்கிறது. அதன் வலப்புறத்தில் இரட்டைக் கொம்பும் காலும் ஒட்டாமல் நிற்கின்றன. 'குமார்' என்று எழுதினால் 'க' தனியாகவும் உகரக் குறி தனியாகவும் பிரிந்து கிடக்கின்றன. கட்டத்தைப் படிக்க முடியாது. இதைப் படிக்கவே மனம் வராது!

என்ன நடந்தது? நாம் சொல்லும் ஒலியின் வரிசையில்தான் யூனிகோடு எண்கள் அமைந்திருக்கின்றன. முதலில் க், பிறகு ஓ. ஆனால் எழுதும்போது கொம்பு 'க'வுக்கு முன்னால் வருகிறது. கால் பின்னால் வருகிறது. 3019 என்ற ஒரே எண்ணின் படம் இரண்டாகப் பிரிந்து, 'க'வின் இருபுறமும் போய் அமர வேண்டும். 'கை' என்பதிலும் அப்படியே. எண் பின்னால் இருக்கிறது. படம் முன்னால் வருகிறது. 'கு' என்பதிலோ இரண்டு எண்கள் சேர்ந்து முற்றிலும் புதிய வடிவமாகின்றன. அந்த வடிவத்துக்கென்று யூனிகோடில் எண்ணே கிடையாது. 'க்ஷ' என்ற எழுத்தில் க, புள்ளி, ஷ ஆகிய மூன்று எண்கள் சேர்ந்து ஒரே வடிவமாகின்றன.

ஆகவே அச்சுப்பெட்டி மட்டும் போதாது. எழுத்தை எடுத்து முறைப்படி அடுக்கத் தெரிந்த அச்சுக்கோப்பவரும் வேண்டும். கணிப்பொறியில் இந்த வேலையைச் செய்யும் நிரல்பகுதியை 'எழுத்துக் கோப்பி' என்று அழைப்போம். எந்த எண்ணை அடுத்து எந்த எண் வந்தால் எந்த வடிவத்தைப் போட வேண்டும் என்ற விதிகள் எழுத்துருவிலேயே எழுதப்பட்டிருக்கும். அவற்றைப் படித்து நிறைவேற்றுவது கோப்பியின் பணி. 'ஹார்ஃப்பஸ்' என்பது இவ்வகையில் பெயர் பெற்ற ஒன்று. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ஆகிய உலாவிகளும், ஆண்ட்ராய்டு கைபேசிகளும், லிப்ரே ஆஃபீஸ் என்ற அலுவலகத் தொகுப்பும் இதைப் பயன்படுத்துகின்றன. இதைக் கட்டணமின்றி எவரும் தம் நிரலில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்துக்கு இத்தகைய கோப்பி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. எண் வரிசையும் பட வரிசையும் அங்கே ஒன்றே. ஆகையால், ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்த ஒருவருக்குத் தம் நிரலில் இப்படி ஒரு குறை இருப்பதே தெரியாமல் போய்விடும்.

நோய் நாடி, நோய் முதல் நாடி

மருத்துவர் நாடி பார்த்து நோயை அறிவதுபோல, திரையில் தெரியும் அடையாளத்தைக் கொண்டே கோளாறு எங்கே என்று நீங்கள் கண்டறியலாம். நினைவில் கொள்ள வேண்டிய அடையாளங்கள் நான்கு.

முதலாவது, வெற்றுக் கட்டம். எண் சரி, படம் இல்லை. உரிய எழுத்துருவை நிறுவினாலோ, நிரலில் அதனைத் தேர்ந்தெடுத்தாலோ குணமாகிவிடும். எதையும் அழிக்காதீர்கள்.

இரண்டாவது, புள்ளிகளால் ஆன சிறு வட்டம். கொம்போ காலோ தன் மெய்யைக் காணாமல் தவிக்கும்போது, 'இங்கே ஓர் எழுத்து இருந்திருக்க வேண்டும்' என்று கோப்பி போடும் அடையாளம் இது. உயிர்க்குறியை முதலில் தட்டெழுதியிருந்தாலும் வரும். 'க' ஓர் எழுத்துருவிலிருந்தும் குறி வேறோர் எழுத்துருவிலிருந்தும் எடுக்கப்பட்டாலும் வரும். தட்டெழுதிய வரிசையைச் சரிபார்த்து, சொல் முழுவதற்கும் ஒரே தமிழ் எழுத்துருவைக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளின் குவியல். இதற்குக் காரணங்கள் இரண்டு. யூனிகோடு எண்களைக் கோப்பில் எழுதி வைக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையில், தமிழின் ஒவ்வோர் எண்ணும் மூன்று பைட்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 'க' என்பது 224, 174, 149 ஆகிறது. படிக்கும் நிரல் இம்மூன்றையும் மூன்று தனித்தனி எழுத்துகள் என்று தவறாக எண்ணிவிட்டால் குவியல் தோன்றும். கோப்பை மூடிவிட்டு, யூடிஎஃப்-8 முறையைத் தேர்ந்தெடுத்து மீண்டும் திறந்தால் சரியாகும். மற்றொரு காரணம் பழைய எழுத்துருக்கள். 1990களில் பல தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கும் பிற ஐரோப்பிய எழுத்துகளுக்கும் உரிய எண்களிலேயே தமிழ்ப் படங்களைப் பொருத்தி வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அக்கோப்பைத் திறந்தால் வெறும் குழப்பம்தான் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் நிரல்கள் இருக்கின்றன.

நான்காவது, கேள்விக்குறி. இதுதான் அஞ்சத்தக்கது! தமிழுக்கு இடமில்லாத பழைய குறியீட்டு முறையில் ஒரு கோப்பைச் சேமித்தால், நிரல் ஒவ்வொரு தமிழ் எண்ணையும் எடுத்தெறிந்துவிட்டு, அவ்விடத்தில் 63 என்ற எண்ணை எழுதிவிடும். 63 என்பது கேள்விக்குறியின் எண். கோகிலாவின் ஆறு எண்களும் ஆறு 63களாகிவிட்டால், எந்த எழுத்துருவாலும் அவளை மீட்க இயலாது. இது கோகிலாவா, குமாரா, முருகனா என்று எவராலும் சொல்ல முடியாது. பார்வைக்குக் கட்டமும் கேள்விக்குறியும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஒன்றில் பெயர் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை.

எனவே, கட்டத்தைக் கண்டு பதறி எதையாவது அழுத்திச் சேமிப்பது பெருந்தவறு. 'சில எழுத்துகள் இழக்கப்படலாம்' என்ற எச்சரிக்கை திரையில் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு, யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். மாணவர் பட்டியல், நிலப் பதிவு, மருத்துவக் குறிப்பு போன்றவற்றில் இந்த ஒரு கவனம் எத்தனையோ பேருடைய பெயர்களைக் காப்பாற்றும்.

நிரல் எழுதுவோர் செய்ய வேண்டியவை

உங்களில் பலர் நாளை நிரல் எழுதப் போகிறவர்கள். இன்றே எழுதத் தொடங்கியவர்களும் இருப்பீர்கள். பல மொழிகளில் இயங்கும் நிரல் ஒன்றைச் செய்யும்போது என்ன செய்ய வேண்டும்?

ஒரே எழுத்துருவைப் பெயர் சொல்லி நம்பியிராமல், வரிசையாகச் சில எழுத்துருக்களைக் கொடுங்கள். முதலாவதில் இல்லாதது இரண்டாவதில் கிடைக்கும். பயனரின் கணிப்பொறியில் அவை இருக்குமோ இராதோ என்ற ஐயம் இருந்தால், எழுத்துருக் கோப்பையே நிரலோடு சேர்த்து அனுப்புங்கள். எல்லா எழுத்துருவையும் அப்படி அனுப்ப உரிமை கிடையாது. நோட்டோ போன்ற திறந்த உரிமம் பெற்றவற்றுக்கு அந்த அனுமதி உண்டு. எழுத்தை நீங்களே ஒவ்வொன்றாக அடுக்க முனையாமல், கோப்பியிடம் அந்த வேலையை ஒப்படையுங்கள். கடைசியாக, ஒவ்வொரு மொழியிலும் ஒரு சோதனை வரியை எழுதிப் பாருங்கள். தமிழுக்கு 'கொ, கோ, கௌ, கை, கு, கூ, க்ஷ, ஸ்ரீ' என்ற ஒரு வரி போதும். பெரும்பாலான குறைகள் அதிலேயே வெளிப்பட்டுவிடும்.

ஆவணத்தைப் பிறருக்கு அனுப்புவோருக்கும் ஒரு வழி உண்டு. நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அவரிடம் இல்லாதிருக்கலாம். லிப்ரே ஆஃபீஸில் அத்தகைய ஆவணத்தைத் திறந்தால், இல்லாத எழுத்துருவின் பெயர் சாய்வெழுத்தில் தெரியும். எழுத்துருவையும் ஆவணத்துக்குள்ளேயே பொதிந்து வைக்கும் பிடிஎஃப் கோப்பாக மாற்றி அனுப்பினால், போகுமிடத்தில் எழுத்து மாறாது.

எண்ணே இல்லாத எழுத்துகள்

கோகிலாவின் பெயருக்கு எண்களாவது இருந்தன. எண்ணே கிடைக்காத எழுத்துகளின் கதி என்ன? மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கினி நாட்டில், இப்ராஹிமா பாரி, அப்துலாயே பாரி என்ற இரு சகோதரர்கள் இருந்தனர். அவர்களுடைய தாய்மொழியான ஃபுலானியைப் பல நாடுகளில் கோடிக்கணக்கான மக்கள் பேசுகிறார்கள். ஆனால் அதன் ஒலிகளுக்கு முற்றும் பொருந்தும் எழுத்து இல்லை. 1989ஆம் ஆண்டளவில், உங்களைப் போலப் பள்ளியில் படிக்கும் வயதில், அவ்விருவரும் உட்கார்ந்து புதிய எழுத்துகளை வரைந்தார்கள். அதுவே 'அட்லம்' என்ற எழுத்துமுறை. மக்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். கையால் எழுதிப் பரப்பினார்கள். ஆனால் கணிப்பொறியில் அதற்கு எண் இல்லாததால் மின்னஞ்சலிலோ கைபேசியிலோ அதனை எழுத வழியில்லை. 2016ஆம் ஆண்டு யூனிகோடின் 9ஆம் பதிப்பில் அட்லம் எழுத்துகளுக்கு எண்கள் கிடைத்தன. அதன் பிறகே பெரிய நிறுவனங்களின் எழுத்துருக்களில் அவை ஒவ்வொன்றாக இடம்பெற்றன. எண் முதலில், படம் அடுத்து, கோப்பி அதற்கடுத்து. மூன்றும் கிடைத்த பின்னரே ஓர் எழுத்து திரையில் உயிர் பெறுகிறது.

நம் தமிழிலும் இத்தகைய செய்தி ஒன்று உண்டு. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. காணி என்றால் 80இல் ஒரு பங்கு. பழைய கணக்குச் சுவடிகளில் இவற்றுக்குத் தனிக் குறிகள் இருக்கின்றன. இத்தகைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் அடங்கிய 51 குறிகளுக்கு 2019ஆம் ஆண்டில்தான் யூனிகோடின் 12ஆம் பதிப்பு எண் தந்தது. முந்திரிக் குறியின் எண் 73,664. எல்லா எண்களும் 65,536க்குள் அடங்கிவிடும் என்று நம்பி எழுதப்பட்ட பழைய நிரல்கள் இங்கே தடுமாறுகின்றன. இக்குறிகளுக்கு வடிவம் இல்லாத தமிழ் எழுத்துருக்களும் பல. அத்தகைய இடத்தில் முந்திரியைத் தேடினால் உங்களுக்கும் கட்டமே கிடைக்கும். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்!

நீங்களே செய்து பாருங்கள்

லிப்ரே ஆஃபீஸ் எழுதியில் 'அ' என்று தட்டெழுதுங்கள். எழுத்தின் பின்னால் சுட்டியை நிறுத்தி, ஆல்ட், எக்ஸ் ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். அதன் எண் பதினாறு அடிமான முறையில் தோன்றும். பூஜ்யம், பி, எட்டு, ஐந்து என்று இருக்கும். இந்த முறையில் 'பி' என்பது 11ஐக் குறிக்கும். ஆகவே 11 × 256 + 8 × 16 + 5 = 2949. அகரத்தின் எண் இதுதான். மீண்டும் அதே விசைகளை அழுத்தினால் 'அ' திரும்பி வந்துவிடும்.

அடுத்து, எங்கேனும் கட்டங்களைக் கண்டால் அவற்றை நகலெடுத்து உலாவியின் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். எழுத்துகள் தோன்றினால் எண்கள் பத்திரமாக இருக்கின்றன, படம்தான் இல்லை. கேள்விக்குறிகளே வந்தால் எண்கள் போய்விட்டன. மூலப் பிரதியைத் தேடுங்கள்.

கண்காட்சி அறைக்குத் திரும்புவோம். பட்டியலில் ஆறு கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. யாரும் அழிக்கவில்லை. நீங்கள் அவற்றை நகலெடுத்து உலாவியில் ஒட்டுகிறீர்கள். 'கோகிலா' என்று பளிச்சென்று தெரிகிறது! அதைப் பார்த்துச் சான்றிதழில் அவள் பெயரைத் தமிழிலேயே அச்சிட்டுவிடலாம். நிரலை எழுதியவருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். 'உங்கள் நிரலில் தமிழ் வரவில்லை' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த எண்ணுக்குப் படம் இல்லை, எந்த எழுத்தில் கொம்பு இடம் மாறியிருக்கிறது, அதே கணிப்பொறியில் எந்த நிரலில் சரியாகத் தெரிகிறது என்பதையெல்லாம் குறிப்பிட்டு எழுதுங்கள். அவரால் அதைத் திருத்த முடியும். அடுத்த ஆண்டு கண்காட்சிக்கு வரும் குமாருக்கும் முருகனுக்கும் அந்தக் கட்டங்கள் தோன்றமாட்டா.